தட்டச்சு செய்த வரி எவ்வாறு இயங்குகிறது? – ஊடாடும் மொழிமாற்றியில் தொகுத்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: செய்நிரலாக்கம் – மொழிபெயர்ப்பான்கள்



"தொகுப்பானுக்கும் மொழிமாற்றிக்கும் உள்ள வேறுபாடு யாது?" என்ற வினாவுக்கு விடையை நீங்கள் மனனம் செய்து வைத்திருப்பீர்கள். தொகுப்பான் முழுச் செய்நிரலையும் ஒரேயடியாக மொழிபெயர்க்கும். மொழிமாற்றி வரிக்கு வரி மொழிபெயர்த்து இயக்கும். இந்த விடை பிழையன்று. ஆனால் இதை மட்டும் மனனம் செய்தவர், வினாவைச் சற்று மாற்றிக் கேட்டால் தடுமாறுவார்.

எனது வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: "சேர், மொழிமாற்றி வரிக்கு வரி இயக்கும் என்று சொன்னீங்கள். நான் ஒரு வரி அடிச்சு என்ரர் அழுத்தினேன். இயக்கவும் இல்லை, பிழை என்று சொல்லவும் இல்லை. மூன்று புள்ளி போட்டுக் காத்துக்கொண்டு இருக்குது. ஏன்?" கலைப் பட்டதாரியான எனக்கு அன்று உடனே விடை சொல்ல முடியவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, விடை நாம் தமிழ் இலக்கணத்தில் படித்த ஒரு விடயத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது. அதனையே இப்பாடத்தில் நோக்குவோம்.

1. முதலில் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

மூலக் குறிமுறை: மனிதர் உயர்மட்ட மொழியில் எழுதும் செய்நிரல்.

பொறிமொழி: கணினியின் முறைவழியாக்கி நேரடியாக விளங்கிக்கொள்ளும் 0, 1 ஆகியவற்றால் ஆன மொழி.

தொகுப்பான்: கொம்பைலர் என வழங்கப்படுவது. மூலக் குறிமுறையை இயக்குவதற்கு முன்னரே முழுமையாக வேறு மொழிக்கு மாற்றும்.

மொழிமாற்றி: இன்டர்பிரிட்டர் என வழங்கப்படுவது. மூலக் குறிமுறையைப் பகுதி பகுதியாக எடுத்து இயக்கும்.

பைட்கோட்: மூலக் குறிமுறைக்கும் பொறிமொழிக்கும் இடைப்பட்ட சுருக்கமான கட்டளைத் தொகுதி. இதனை மெய்நிகர் பொறி என்னும் மென்பொருள் இயக்கும்.

2. ஊடாடும் முறை என்றால் என்ன?

பைதன் மொழியை உதாரணமாகக் கொள்வோம். இம்மொழியை நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொசம் உருவாக்கினார். இதன் முதற் பதிப்பு 1991 இல் வெளியானது. பைதனை இரு வழிகளில் இயக்கலாம். செய்நிரலைக் கோப்பாகச் சேமித்து இயக்குவது ஒரு வழி. பைதன் சாளரத்தைத் திறந்து ஒவ்வொரு கூற்றாகத் தட்டச்சு செய்து, உடனுக்குடன் விடை பெறுவது மற்றைய வழி. இரண்டாவதே ஊடாடும் முறை ஆகும்.

ஊடாடும் முறையில் >>> என்ற குறி தோன்றும். "உமது கட்டளையைத் தாரும்" என்பது அதன் பொருள். பின்வரும் உதாரணத்தைக் கவனியுங்கள். (2008 இல் வெளியான பைதன் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலும் பெயரிடலாம்.)

>>> விலை = 120
>>> விலை * 3
360

முதல் வரி மாறி ஒன்றுக்குப் பெறுமானம் வழங்குகிறது. இது ஒப்படைப்புக் கூற்று. ஆகவே திரையில் எதுவும் காட்டப்படவில்லை. இரண்டாவது வரி ஒரு கோவை. அதன் பெறுமானமாகிய 360 உடனே காட்டப்பட்டது. இதே கோவையைக் கோப்பு ஒன்றில் எழுதி இயக்கினால் திரையில் எதுவும் தோன்றாது. அங்கே காட்டுமாறு தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். ஊடாடும் முறைக்கென வரிகளைத் தொகுக்கும்போது, கோவையின் பெறுமானத்தைக் காட்டும் கட்டளையைப் பைதன் தானாகவே சேர்த்துக்கொள்கிறது.

3. என்ரர் சாவியை அழுத்திய பின் நடப்பது

என்ரர் சாவியை அழுத்துவதற்கும் விடை தோன்றுவதற்கும் இடையே கண்ணிமைக்கும் நேரமே செல்கிறது. அதற்குள் பின்வரும் படிகள் ஒழுங்காக நடைபெறுகின்றன.

படி 1 – வாசித்தல்: தட்டச்சு செய்த வரி எழுத்துக்களின் வரிசையாகப் பெறப்படும்.

படி 2 – சொற்கூறுகளாகப் பிரித்தல்: விலை * 3 என்பது "விலை", "*", "3" என மூன்று கூறுகளாகப் பிரிக்கப்படும்.

படி 3 – தொடரியலைச் சோதித்தல்: கூறுகள் மொழியின் இலக்கணப்படி அமைந்துள்ளனவா எனப் பார்த்து, அவற்றுக்கு இடையிலான தொடர்பு மரவடிவில் அமைக்கப்படும்.

படி 4 – பைட்கோடாக மாற்றுதல்: அம்மரத்திலிருந்து கட்டளைகள் உருவாக்கப்படும்.

படி 5 – இயக்குதல்: மெய்நிகர் பொறி அக்கட்டளைகளை நிறைவேற்றும்.

படி 6 – காட்டுதல்: பெறுமானம் இருப்பின் திரையில் தோன்றும். பின்னர் மீண்டும் >>> தோன்றும்.

இவற்றுள் 2, 3, 4 ஆகிய மூன்று படிகளும் சேர்ந்ததே தொகுத்தல் ஆகும். அதாவது, மொழிமாற்றி என நாம் அழைக்கும் பைதனின் உள்ளேயும் ஒரு தொகுப்பான் இருக்கிறது. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து.

விலை * 3 என்பதற்கு உருவாகும் பைட்கோட் கட்டளைகளைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

(அ) விலை என்னும் மாறியின் பெறுமானத்தை எடுத்து அடுக்கின் மேல் வை.
(ஆ) 3 ஐ அடுக்கின் மேல் வை.
(இ) மேலிருக்கும் இரண்டையும் எடுத்துப் பெருக்கி, விடையை அடுக்கின் மேல் வை.
(ஈ) மேலிருப்பதை எடுத்துத் திரையில் காட்டு.

இங்கு அடுக்கு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கோப்பைகளைப் போன்றது. கடைசியாக வைத்ததே முதலில் எடுக்கப்படும்.

4. முற்று, எச்சம், வழு

இப்போது அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். தமிழ்ப் பாடத்தில் படித்த மூன்று தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

"கண்ணன் வந்தான்." இது முற்று. கேட்பவர் பொருளை விளங்கிக்கொள்வார்.

"கண்ணன் வந்து..." இது எச்சம். வந்து என்ன செய்தான்? கேட்பவர் காத்திருப்பார். பிழை என்று சொல்லமாட்டார்.

"கண்ணன் வந்தாள்." இது வழு. மேலும் எத்தனை சொற்களைச் சேர்த்தாலும் இத்தொடர் திருந்தாது.

பைதனும் தட்டச்சு செய்த வரியை இவ்வாறே மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது.

(அ) வரி முழுமையானது எனில் தொகுத்து இயக்கும்.
(ஆ) வரி முற்றுப்பெறவில்லை, ஆயினும் இதுவரை பிழையில்லை எனில் ... என்ற குறியைக் காட்டி மேலும் உள்ளீடு கேட்கும்.
(இ) எதைச் சேர்த்தாலும் சரிவராது எனில் தொடரியல் வழுவை அறிவிக்கும்.

உதாரணம்:

>>> (விலை * 3
... + 40)
400

முதல் வரியில் அடைப்பு திறக்கப்பட்டது, மூடப்படவில்லை. இது எச்சம் போன்றது. ஆகவே பைதன் காத்திருந்தது. இரண்டாவது வரியில் அடைப்பு மூடப்பட்டதும் இரு வரிகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தொகுத்து இயக்கியது. அம்மாணவியும் அடைப்பொன்றை மூட மறந்திருந்தார். மூன்று புள்ளிகளுக்குக் காரணம் அதுவே.

ஆகவே "வரிக்கு வரி" என்பதில் வரும் வரி, தாளில் காணும் வரியன்று. அது முற்றுப்பெற்ற ஒரு கூற்று. ஒரு கூற்று ஒரு வரியிலும் முடியலாம், பத்து வரிகளுக்கும் நீளலாம்.

இஃப், ஃபோர் போன்ற கட்டுப்பாட்டுக் கூற்றுக்களில் இன்னொரு விடயம் உண்டு. இஃப் கூற்றின் உட்பகுதியை எழுதிய பின், அடுத்து எல்ஸ் பகுதி வருமா, வராதா எனப் பைதனால் ஊகிக்க முடியாது. ஆகவே அது காத்திருக்கும். வெற்று வரி ஒன்றில் என்ரர் சாவியை அழுத்தினால், "கூற்று முடிந்தது" எனக் கொண்டு தொகுக்கும். கோப்பில் எழுதும்போது இவ்வெற்று வரி தேவையில்லை. மேலும், கூற்றின் நடுவே அழகுக்காக வெற்று வரி விட்டால், ஊடாடும் முறையில் கூற்று அவ்விடத்திலேயே முடிந்ததாகக் கொள்ளப்படும். கோப்பில் சரியாக இயங்கும் செய்நிரலைப் பிரதி செய்து சாளரத்தில் ஒட்டும்போது சிலவேளை வழு தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

மேலதிக அறிவுக்கு: முற்றா, எச்சமா எனக் கண்டறியும் இவ்வேலைக்கென கோட்ஓப் என்னும் கூறு ஒன்று பைதனுடன் வருகிறது. அதன் பழைய பதிப்புகள் கையாண்ட உத்தி எளிமையானது. உள்ளீட்டை உள்ளபடி ஒரு முறையும், இறுதியில் ஒரு புதுவரிக் குறி சேர்த்து ஒரு முறையும், இரண்டு சேர்த்து ஒரு முறையும் தொகுத்துப் பார்க்கும். உள்ளபடியே தொகுபட்டால் அது முற்று. அவ்வாறின்றி, புதுவரிக் குறி ஒன்றைச் சேர்த்தபோது மட்டும் தொகுபட்டால் மேலும் உள்ளீட்டுக்குக் காத்திருக்கும். எவ்விதத்திலும் தொகுபடாவிடின், புதுவரிக் குறி சேர்த்த இரு முறையும் கிடைத்த வழுக்களை ஒப்பிடும். ஒரே வழு எனில் வரி பிழையானது. வழு மாறினால் வரி இன்னும் முடியவில்லை.

5. செய்து பார்ப்போம்

"மொழிமாற்றி தொகுப்பதில்லை, இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே இயக்குகிறது" எனச் சிலர் எண்ணுவர். அது சரியா எனச் சோதிக்கலாம். பைதனில் ஒரே வரியில் இரு கூற்றுக்களை அரைப்புள்ளியால் பிரித்து எழுதலாம். புதிய சாளரம் ஒன்றைத் திறந்து பின்வருமாறு தட்டச்சு செய்யுங்கள். (திரையில் ஆங்கிலத்தில் தோன்றும் வழுச் செய்திகளின் பெயர்கள் இங்கு தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.)

பரிசோதனை 1

>>> அ = 5; ஆ = 7 +
சின்டக்ஸ் எரர்
>>> அ
நேம் எரர்

முதல் வரியின் இரண்டாம் பகுதியில் + குறியின் பின் எதுவும் இல்லை. ஆகவே தொடரியல் வழு. அடுத்து அ என்ன எனக் கேட்டால், அப்படியொரு பெயரே இல்லை என்கிறது. அ = 5 என்னும் பகுதியில் பிழை இல்லாதபோதும் அது இயங்கவில்லை.

பரிசோதனை 2

>>> அ = 5; ஆ = 7 / 0
சீரோ டிவிஷன் எரர்
>>> அ
5

இங்கும் வழு தோன்றியது. ஆனால் அ இன் பெறுமானம் 5 எனக் கிடைக்கிறது. அதாவது முதற் பகுதி இயங்கிவிட்டது.

முடிவு: பரிசோதனை 1 இல் தொகுக்கும் கட்டத்திலேயே வழு ஏற்பட்டது. ஆகவே இயக்கும் கட்டம் தொடங்கவேயில்லை. பரிசோதனை 2 இல் இலக்கணம் சரியாக இருந்தமையால் முழு வரியும் தொகுக்கப்பட்டது. இயங்கும்போது பூச்சியத்தால் வகுக்க நேர்ந்த இடத்திலேயே நின்றது. எனவே ஊடாடும் மொழிமாற்றி ஒவ்வோர் உள்ளீட்டையும் முதலில் முழுமையாகத் தொகுத்து, அதன் பின்னரே இயக்குகிறது.

6. வழுக்களின் மூன்று வகை

தொடரியல் வழு: மொழியின் இலக்கணத்தை மீறுவதால் ஏற்படும். தொகுக்கும்போது கண்டறியப்படும். உதாரணம்: விலை * / 3

இயக்கநேர வழு: இலக்கணம் சரி, நிறைவேற்ற முடியாது. "பூட்டைத் திற" என்பது சரியான வாக்கியம். ஆனால் திறப்பு இல்லாதவரால் அதைச் செய்ய முடியாது. உதாரணம்: விலை / 0

தருக்க வழு: இலக்கணமும் சரி, இயக்கமும் சரி, விடை பிழை. "சூரியன் மேற்கே உதித்தது" என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, பொருளே பிழை.

மூன்று பாடங்களில் 40, 50, 60 புள்ளிகள் பெற்ற மாணவரின் சராசரியை ஒருவர் இவ்வாறு கணித்தார்:

>>> 40 + 50 + 60 / 3
110.0

வகுத்தல் முதலில் நடைபெற்றமையால் 60 மட்டும் மூன்றால் வகுக்கப்பட்டது. மூன்று பாடங்களிலும் 100 ஐத் தாண்டாத ஒருவருக்கு 110 எப்படிச் சராசரியாகும்? பைதன் இதனைக் கேட்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும். சரியான வடிவம்:

>>> (40 + 50 + 60) / 3
50.0

தொகுப்பான் எவ்வளவு திறமையானதாயினும் தருக்க வழுவைப் பிடித்துத் தராது. அதனைக் காணும் பொறுப்பு எழுதியவருக்கே உரியது.

7. கோப்பாக இயக்குதலும் தட்டச்சு செய்து இயக்குதலும்

தொகுக்கும் அலகு: கோப்பு எனில் முழுக் கோப்பும் ஒரே தடவையில் தொகுக்கப்படும். ஊடாடும் முறையில் ஒவ்வோர் உள்ளீடும் தனித்தனியே தொகுக்கப்படும்.

தொடரியல் வழு: கோப்பின் கடைசி வரியில் தொடரியல் வழு இருப்பினும் முதல் வரிகூட இயங்காது. ஊடாடும் முறையில் அதற்கு முன் தட்டச்சு செய்தவை ஏற்கெனவே இயங்கி முடிந்திருக்கும்.

பெறுமானம் காட்டுதல்: கோப்பில் தனிக் கட்டளை வேண்டும். ஊடாடும் முறையில் கோவையின் பெறுமானம் தானாகக் காட்டப்படும்.

நினைவில் இருத்தல்: ஊடாடும் முறையில் உருவாக்கிய மாறிகள் சாளரம் திறந்திருக்கும் வரை நினைவகத்தில் இருக்கும். ஆகவேதான் முன்னர் வழங்கிய விலையைப் பின்னர் பயன்படுத்த முடிந்தது. சாளரத்தை மூடினால் மாறிகள் அனைத்தும் அழிந்துவிடும்.

கடைசியாகச் சொன்னதை மறவாதீர்கள். எனது வகுப்பில் ஒரு மாணவர் நீண்ட நேரம் சாளரத்திலேயே செய்நிரல் எழுதிக்கொண்டிருந்தார். மின்சாரம் நின்றது, எல்லாம் போயிற்று. சிறு பரிசோதனைகளுக்கு ஊடாடும் முறையையும், ஒப்படைக்க வேண்டிய வேலைகளுக்குக் கோப்பையும் பயன்படுத்துவதே சிறந்த பழக்கம்.

8. சற்று வரலாறு

1964 இல் ஐக்கிய அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜோன் கெமெனி, தோமஸ் கேர்ட்ஸ் ஆகியோர் பேசிக் மொழியை உருவாக்கினர். மாணவர் முனையத்தின் முன் அமர்ந்து செய்நிரலைத் தட்டச்சு செய்து, இயக்குமாறு கட்டளையிடுவர். கணினி அதனைத் தொகுத்து உடனே இயக்கும். அதாவது முதலாவது பேசிக் ஒரு தொகுப்பானையே கொண்டிருந்தது. பின்னர் 1970 களின் நடுப்பகுதியில் சிறிய நுண்கணினிகள் வந்தபோது, அவற்றில் பேசிக் பெரும்பாலும் மொழிமாற்றி வடிவில் வழங்கப்பட்டது.

மொழி ஒன்றுதான், அதனை இயக்கிய முறைகள் இரண்டு. ஆகவே தொகுப்பான், மொழிமாற்றி என்பன ஒரு மொழியை இயக்கும் முறைகளைக் குறிப்பன என விளங்கிக்கொள்ளுங்கள்.

9. பரீட்சையில் விடை எழுதும் முறை

வேறுபாடு கேட்கப்பட்டால், நீங்கள் மனனம் செய்த விடையையே எழுதுங்கள். ஆனால் "வரிக்கு வரி" என்பதுடன் "கூற்றுக் கூற்றாக" என்பதையும் சேர்த்து எழுதினால் விடை தெளிவாக இருக்கும். "மொழிமாற்றி மொழிபெயர்ப்பதே இல்லை" என ஒருபோதும் எழுதாதீர்கள். வழுவின் வகை கேட்கப்பட்டால், முதலில் உங்களிடமே கேளுங்கள்: இது தொகுக்கும்போது பிடிபடுமா, இயங்கும்போது பிடிபடுமா, அல்லது விடையைப் பார்த்துத்தான் தெரியுமா? மூன்று கேள்விகளில் விடை கிடைத்துவிடும்.

10. பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. >>> (12 + 8 எனத் தட்டச்சு செய்து என்ரர் சாவியை அழுத்தும்போது,
(1) 20 தோன்றும் (2) தொடரியல் வழு தோன்றும் (3) ... தோன்றும் (4) சாளரம் மூடப்படும்

2. >>> கூலி = 900 எனத் தட்டச்சு செய்து என்ரர் சாவியை அழுத்தும்போது,
(1) 900 தோன்றும் (2) பெறுமானம் எதுவும் காட்டப்படாது மீண்டும் >>> தோன்றும் (3) ... தோன்றும் (4) இயக்கநேர வழு தோன்றும்

3. புதிய சாளரத்தில் >>> க = 4; ச = 9 * எனவும், அடுத்து >>> க எனவும் தட்டச்சு செய்தால் இரண்டாவதற்குக் கிடைப்பது,
(1) 4 (2) 9 (3) 36 (4) பெயர் இல்லை என்னும் வழு

4. பின்வருவனவற்றுள் தொகுத்தலின் போது கண்டறியப்படுவது,
(1) பூச்சியத்தால் வகுத்தல் (2) சராசரியைப் பிழையாகக் கணித்தல் (3) * குறியை அடுத்து / குறி இடுதல் (4) மின்சாரம் தடைப்படுதல்

பகுதி 2 – சுருக்கமான விடை தருக.

5. பத்துத் தனிக் கூற்றுக்களைக் கொண்ட செய்நிரலின் பத்தாவது கூற்றில் மட்டும் தொடரியல் வழு உள்ளது. (அ) கோப்பாக இயக்கினால் எத்தனை கூற்றுக்கள் இயங்கும்? (ஆ) ஊடாடும் முறையில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தால் எத்தனை இயங்கும்? (இ) காரணம் தருக.

6. செவ்வகம் ஒன்றின் நீளம் 8, அகலம் 5. அதன் சுற்றளவைக் காண ஒருவர் 2 * 8 + 5 என எழுதினார். (அ) பைதன் காட்டும் விடை யாது? (ஆ) இது எவ்வகை வழு? (இ) திருத்தி எழுதுக.

விடைகள்

1 – (3). 2 – (2). 3 – (4). 4 – (3).

5. (அ) எதுவும் இயங்காது. (ஆ) ஒன்பது. (இ) கோப்பு முழுவதும் இயங்குவதற்கு முன் ஒரே அலகாகத் தொகுக்கப்படும். ஊடாடும் முறையில் ஒவ்வொரு கூற்றும் தனியே தொகுக்கப்பட்டு உடனே இயக்கப்படும்.

6. (அ) 21. (ஆ) தருக்க வழு. (இ) 2 * (8 + 5), விடை 26.

மாணவர்களே, விடைகளைப் பார்க்குமுன் வினாக்களை நீங்களாகவே செய்து பாருங்கள். கணினி வசதி கிடைக்கும்போது ஐந்தாம் பகுதியில் உள்ள இரு பரிசோதனைகளையும் உங்கள் கைகளாலேயே தட்டச்சு செய்யுங்கள். மூன்று புள்ளிகள் தோன்றினால் பயப்பட வேண்டாம். நீங்கள் எச்சத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். முற்றைத் தேடி எழுதுங்கள்.

பரீட்சையில் சித்தி பெற வாழ்த்துக்கள்.